வீட்டிலே தொடங்கவேண்டிய செய்யுட்டமிழ்

இலத்தீன் மொழியைத் தாய்மொழியாகப் பேசும் மக்கள் இன்று உலகில் எங்கும் இலர். ஆயினும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய சிறு பிள்ளைகளுக்கு அம்மொழியைத் தாய் தந்தையரே வீட்டில் வைத்துக் கற்பிக்கும் வழக்கம் ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் சில குடும்பங்களில் இன்றும் உண்டு. காலை உணவுண்ட மேசையிலேயே தாயும் பிள்ளையும் கால் மணி நேரம் அமர்ந்து நாலு சொல்லையும் ஒரு வாக்கியத்தையும் உரத்துச் சொல்லிப் பழகுவர். அப்பிள்ளை பிற்காலத்தில் இலத்தீனில் எவரோடும் உரையாடப் போவதில்லை. தங்கள் நாகரிகம் எம்மொழியிற் பேசிற்றோ அம்மொழியின் ஓசை பிள்ளையின் காதில் வேளையோடே விழவேண்டும் என்பதே அப்பெற்றோர் கருத்து.

இச்செய்திக்கும் யாழ்ப்பாணத் தீவகத்துச் சுருவிலில் வாழும் தமிழாசிரியருக்கும் யாது தொடர்பு என்று வினவுவார் உளராகலாம். எம் பிள்ளைகளுக்கும் ஓர் இலத்தீன் உண்டு. அது செய்யுட்டமிழ். அதனை ஆறாந் தரத்துத் தமிழ்ப் பாடநூலில் முதன்முதற் காட்டி, பத்தாந் தரத்திற் பரீட்சைக்கு ஒப்பிக்கச் செய்து, பதினோராந் தரத்தோடு கைகழுவிவிடுகின்றோம். அதனை எட்டு வயதுக்கு முன்னரே வீட்டிலே தொடங்கவேண்டும் என்பதும், பாடசாலை எவ்வளவு முயன்றாலும் அந்த வேலையை வீட்டுக்காகச் செய்து கொடுக்க முடியாது என்பதும் எமது துணிபு. தமிழாசிரியர் ஒருவர் தமது தொழிலைப் பிறரிடம் தள்ளிவிடுகின்றார் என்று எண்ணற்க. இருபது ஆண்டுக்கு அணித்தாக வகுப்பறையில் நின்றவர் என்ற உரிமையினாலேயே இதனைச் சொல்லுகின்றோம்.

இலத்தீன் எமது தீவுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. சுருவிலும் நாரந்தனையும் கரம்பொனும் சரவணையும் வேலணையும் அமைந்த இத்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் லைடன். அது 1575ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தாற் பெயர்பெற்று, இலத்தீன் புலமைக்கு ஐரோப்பாவில் ஓர் இருப்பிடமாய் விளங்கிய நகரின் பெயர். எம் முன்னோர் அப்பெயரை வாயில் வைத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. எமது அயலிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களிலோ இலத்தீன் அண்மைக்காலம் வரை வீட்டில் வழங்கிய மொழியே ஆகும். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழியிற் பூசை நிகழ்த்த இசைவளிக்கும் வரையும், பூசைக்கு உதவப்போகும் சிறுவர் தாம் சொல்லவேண்டிய மறுமொழிகளை இலத்தீனிலேயே மனனஞ் செய்தனர். எட்டும் பத்தும் வயதான பிள்ளைகள் விடியற்காலையில் அவற்றை ஓதிப் பழகுவதும், பொருள் அறியாத தாய்மார் தம் செவிப்பழக்கத்தாலேயே பிழை பிடிப்பதும் அக்காலத்து வழக்கம்.

கரம்பொனில் 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயக அடிகளாரை இங்கே நினையாதிருத்தல் இயலாது. ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் கற்று, கொழும்பிலும் உரோமையிலும் குருத்துவப் பயிற்சி பெற்று, இலத்தீனும் பிற மேனாட்டு மொழிகளும் கைவந்த பின்னரே அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்து தமிழை முறையாகக் கற்றனர். 1964ஆம் ஆண்டு உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுதற்கும், 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடுதற்கும் முன்னின்றவர் அவரே. 1679ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அச்சாகிய தமிழ்–போர்த்துக்கீச அகராதியை மீளப் பதிப்பித்து எமக்குத் தந்தவரும் அவரே. இலத்தீன் கற்றமையால் அவருக்குத் தமிழின் பெருமை மறையவில்லை. அதனை உலகின் முன் எடுத்துரைக்கும் அளவுகோலே கையில் வந்தது. ஒரு பழமொழியை ஆழக் கற்றவன் மற்றைப் பழமொழிகளின் அருமையையும் அறிவான். ஈண்டுப் பழமொழி என்றது பழைமையான மொழியையே.

ஆங்கிலேயர் ஆட்சியிலே கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகளுக்காக இந்நாட்டுக் கல்லூரிகளில் இலத்தீன் படிப்பிக்கப்பட்டது. அப்படிப்பு எவ்வாறு இருந்தது என்பதற்குச் சர் வின்ஸ்டன் சேர்ச்சில் தமது இளமை வரலாற்றில் எழுதியது நல்ல சான்று. ஏழு வயதுச் சிறுவனாகப் பாடசாலையிற் சேர்ந்த அன்றே மேசை என்னும் பொருளுடைய 'மென்சா' என்ற சொல்லின் வேற்றுமை வாய்பாட்டை அவர் கையிற் கொடுத்து மனனஞ் செய்யச் சொன்னார்கள். அதில் 'மேசையே' என்ற விளியும் இருந்தது. அது எதற்கு என்று பிள்ளை கேட்டது. மேசையை அழைக்கும்போது சொல்வதற்கு என்றார் ஆசிரியர். நான் மேசையோடு பேசுவதில்லையே என்றது பிள்ளை. அதற்குக் கிடைத்த விடை, தண்டனை பெறுவாய் என்னும் அச்சுறுத்தலே.

அந்தப் பிள்ளை சுருவிலிற் பிறந்திருந்தால் இவ்வையம் எழுந்திராது. இங்கே தாய் சோறூட்டும்போது நிலாவை விளிக்கிறாள், காகத்தை விளிக்கிறாள். அஃறிணைப் பொருளை விளித்தல் எம் பிள்ளைக்கு ஒன்றரை வயதிலே தெரிந்த இலக்கணம். அந்த 'மென்சா' என்ற சொற்கூட எமக்கு அயலதன்று. போர்த்துக்கீசர் வாய்வழி வந்து 'மேசை' என எம் வீட்டுக்குள்ளே கிடக்கின்றது. கதிரையும் யன்னலும் பேனையும் அவ்வழி வந்த இலத்தீன் வழித்தோன்றல்களே. நாலு வயதுப் பிள்ளை 'மேசையை, மேசைக்கு, மேசையில்' என்று தடுமாறாமற் சொல்கின்றது. எவரும் அதற்கு வாய்பாடு கொடுத்ததில்லை. வீட்டுக் கல்விக்கும் பாடசாலைக் கல்விக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதனுள் அடங்கிவிடுகின்றது.

வீட்டிலே இலத்தீன் கற்றவருள் இருவர் கதை எம்மவர் அறியத்தக்கது. ஒருவர் 1533ஆம் ஆண்டு பிரான்சிற் பிறந்த மொந்தேன் என்னும் கட்டுரையாசிரியர். பிள்ளை பேசத் தொடங்குமுன்னரே தந்தையார் பிரெஞ்சு அறியாத ஜெர்மானியர் ஒருவரை அமர்த்தி, இலத்தீனையே பேசுமாறு செய்தார். தாயும் தந்தையும் வேலையாட்களும் பிள்ளையோடு பேசும் அளவுக்கு இலத்தீன் சொற்களைக் கற்றுக்கொண்டனர். அயற்கிராமத்துத் தொழிலாளரின் கருவிகள் சிலவற்றுக்கும் இலத்தீன் பெயர் வழங்கலாயிற்று என்று அவரே எழுதுகின்றார். பிரம்பின்றி, கண்ணீரின்றி, ஆறு வயதில் அவர் வாயில் இலத்தீன் தாய்மொழியாய் நின்றது. பின்பு பெயர்பெற்ற ஒரு கல்லூரிக்கு அனுப்பினார்கள். பதின்மூன்றாம் வயதில் வெளிவந்தபோது அவருடைய இலத்தீன் தேய்ந்து போயிற்று. வீடு கொடுத்ததைக் கல்லூரி வாங்கிக்கொண்டது என்று சொல்ல ஆசிரியராகிய எமக்கு நா எழவில்லை. ஆயினும் நிகழ்ந்தது அது.

மற்றவர் 1806ஆம் ஆண்டு பிறந்த ஜோன் ஸ்டூவர்ட் மில். தந்தையாரே ஆசிரியர். மூன்று வயதிற் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன். தாம் கற்ற இலத்தீனைத் தம்பி தங்கையர்க்கு உடனுக்குடன் கற்பிக்கும் பொறுப்பும் அச்சிறுவன் தலையிற் சுமத்தப்பட்டது. மூத்த மாணவன் இளையாருக்குச் சொல்லிக்கொடுக்கும் இம்முறை எமக்குப் புதிதன்று. எமது திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை செய்தது அதுவே. சென்னையில் இருந்த அந்திரு பெல் என்பார் இத்தகைய முறையைக் கையாண்டு, 1797ஆம் ஆண்டு நூலாக எழுதி ஆங்கில நாட்டிற் பரப்பினார். மில்லின் கல்வி வியத்தற்குரியதே. ஆயினும் அவ்வீட்டிற் கண்டிப்பு மிகுதி, களிப்புக் குறைவு. இருபதாம் வயதில் அவர் மனம் சோர்ந்து, எதிலும் இன்பமின்றி வாடினார். அச்சோர்விலிருந்து அவரை எடுத்தவற்றுட் கவிதையும் ஒன்று. மொந்தேனின் தந்தையோ பிள்ளையைக் காலையில் இன்னிசை எழுப்பித் துயிலுணர்த்தியவர். எம் தாய் தந்தையர் இவ்விருவருள் யாரைப் பின்பற்றத் தக்கவர் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

இனி எம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே பிள்ளை ஏடு தொடங்கிய பின் அரிச்சுவடியும் ஔவையார் நூல்களும் நிகண்டும் வரிசையாக வந்தன. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதியுடையது. தேவப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனத் தொடங்கி உலகம் முழுவதையும் அறை அறையாகப் பிரித்துப் பெயர் சொல்கின்றது. அது விருத்தப்பாவில் அமைந்தமையால் இளைஞர் வாய்க்கு எளிதாயிற்று. பதினோராந் தொகுதி எதுகை வரிசையிற் செல்வதால் ஒரு சொல்லைப் பிடித்தால் மறுசொல் தானே வரும். வடமொழி பயில்வார் அமரகோசத்தைப் பாடமாக்கியதும் இவ்வாறே. ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டு அச்சியந்திரம் வாங்கச் சென்னை சென்ற காலத்தில் அச்சிட்டு வந்த நூல்களுள் ஒன்று சூடாமணி நிகண்டுரை. பிள்ளைகளின் கல்விக்கு அதனை அவர் எத்துணை முதன்மையாகக் கருதினார் என்பது இதனால் விளங்கும். பின்பு பாலபாடங்களைத் தெளிந்த உரைநடையில் எழுதி வழங்கினவரும் அவரே. செய்யுளுக்கு உரைநடை பகையென்று அவர் நினைத்தாரல்லர். அவர்தம் வீடும் இங்கே நோக்கத்தக்கது. தந்தையார் கந்தப்பிள்ளை நாடகம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கையில் இறந்தார் என்பதும், குறையாய் நின்ற அதனை ஒன்பது வயது மைந்தன் பாடி நிறைவேற்றினான் என்பதும் வழிவழி வந்த செய்தி. அந்த ஒன்பது வயது எப்பாடசாலையின் ஆக்கமும் அன்று.

அந்நிகண்டை இன்று முழுதும் ஒப்பிக்கச் செய்யவேண்டும் என்று யாம் வாதிக்கவில்லை. அதன் பயனைக் கருதுக. பொருளைக் கண்ணாற் கண்டு பெயரைச் செவியாற் கேட்கும் பிள்ளைக்கு வீடே ஒரு நிகண்டு. பனையொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடலி, குருத்தோலை, சார்வோலை, காவோலை, பாளை, பன்னாடை, கொக்கறை, கங்குமட்டை, நுங்கு, சீக்காய், பூரான், ஊமல், ஒடியல், புழுக்கொடியல் என்று சுருவிற் கிழவி ஒருத்தி மூச்சு விடாமற் சொல்வாள். அவள் சொல்வது மரப்பெயர்த் தொகுதியன்றி வேறென்ன? வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் கடற்றொழிலாளர் காற்றை நாலாகப் பிரிக்கின்றனர். வடகாற்று வாடை, கீழ்காற்றுக் கொண்டல், தென்காற்றுத் தென்றல், மேல்காற்றுக் கோடை என்பது பழைய நூல் வழக்கு. நாலில் இரண்டு பெயரை எம் பிள்ளை தந்தையோடு கரையில் நின்றபோதே கற்றுவிட்டது. மற்றை இரண்டையும் சொல்லிக்கொடுக்க எத்துணை நேரம் வேண்டும்?

இதனினும் அருமையான ஒன்று உண்டு. சுட்டெழுத்து அ, இ, உ என மூன்று என்கின்றது நன்னூல். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் மூன்றாவது சுட்டு மறைந்துவிட்டது. அங்குள்ள ஆசிரியர் உதாரணம் தேடி ஏட்டைப் புரட்டவேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ 'உது என்ன?', 'உவன் ஆர்?', 'உங்கை வையுங்கோ' என்று நாள்தோறும் பேசுகின்றது. கேட்போனுக்கு அண்மையில் உள்ளதைச் சுட்டுவது உகரம் என்பதை எவரும் விளக்காமலே பிள்ளை விளங்கி வைத்திருக்கின்றது. அப்பிள்ளைக்குச் சூத்திரம் புதுச் செய்தியன்று; தன் வீட்டுப் பேச்சுக்குக் கிடைத்த சான்றிதழ். ஆனால் நடப்பது யாது? நல்ல தமிழ் பேசவேண்டும் என்று சொல்லி 'உது' என்பதைத் திருத்தி 'அது' ஆக்குகின்ற பெற்றோரையும் ஆசிரியரையும் நாம் காண்கின்றோம். பழஞ்சொல்லை வெட்டியெறிந்துவிட்டுப் பழந்தமிழ் வரவில்லையே என்று ஏங்குவது விந்தையிலும் விந்தை.

இலத்தீனுக்கும் செய்யுட்டமிழுக்கும் உள்ள பெரு வேறுபாடும் இதுவே. இலத்தீன் கற்கும் ஆங்கிலப் பிள்ளை பிறன் வீட்டு வாயிலிற் கதவு தட்டுகின்றது. செய்யுள் கற்கும் எம் பிள்ளை தன் வீட்டின் உள்ளறைக்குப் போகின்றது. வீரமாமுனிவர் எனப் புகழ்பெற்ற பெஸ்கி பாதிரியார் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். திருக்குறளின் முதல் இரு பாலையும் அம்மொழியிற் பெயர்த்தார். ஒரு மொழிக்கு இரு படிக்கட்டு உண்டு என்பதை அந்நியராகிய அவர் விரைவில் உணர்ந்தார். ஒரு படிக்கட்டிலேயே பிள்ளையைப் பதினொரு வயது வரை நிறுத்திவிட்டு, மற்றதை நோக்கித் தாவு என்று நாம் சொல்கின்றோம்.

அப்படித் தாவாமல் ஏறுவதற்கு எம் ஊரார் ஒரு வழி வைத்திருந்தனர். அதுதான் புராணபடனம். கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றவர் அதன் பயனை நடைமுறைத் தமிழிற் சொல்வார். திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம், விநாயக விரதத்தில் வரதபண்டிதரின் பிள்ளையார்கதை என ஆண்டு முழுவதும் செவிக்கு உணவு இருந்தது. தாயின் மடியிற் கிடந்த பிள்ளை செய்யுளையும் கேட்டது. அடுத்த கணமே அதன் உரையையும் கேட்டது. இலத்தீன் கற்பித்தலில் வல்லவரான ரோஜர் அஸ்காம் என்பார், மாணவன் இலத்தீனை ஆங்கிலமாக்கி, சிறிது நேரங் கழித்து அவ்வாங்கிலத்தை மீண்டும் இலத்தீனாக்கவேண்டும் என்று கூறினார். 1570ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் அந்நாட்டிற் பெயர்பெற்றது. அம்முறையின் முற்பாதி எமது கோயில் மண்டபத்திலே கல்லாதாரும் கேட்க நடந்து வந்தது. எழுத்தறியாத மூதாட்டியர் புராணச் செய்யுளின் பொருளைச் சொல்லவல்லவராய் இருந்தமைக்கு வேறு காரணம் இல்லை. இன்றும் பல கோயில்களிற் படிப்பு நடக்கின்றது. பயன் சொல்ல வல்லாரோ அருகிவருகின்றனர். ஒலிபெருக்கி மட்டும் பெருகியிருக்கின்றது.

ஆசிரிய கலாசாலையிற் பயின்றோர் இங்கே ஒரு தடை எழுப்புவர். நாமும் பயிற்றப்பட்ட ஆசிரியரே. பொருள் விளங்காமல் மனனஞ் செய்வித்தல் கிளிப்பிள்ளைக் கல்வி என்பது அத்தடை. அதிற் பாதி உண்மை. பிரம்பின் கீழ் ஒப்பித்தல் கொடுமையென்பதில் ஐயமில்லை; பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பொற்காலமென்று பாடுவார் அங்கு விழுந்த அடிகளை மறந்துவிடுகின்றனர். மற்றப் பாதியை ஒப்பமாட்டோம். பேச்சு முழுவதும் பிள்ளைக்கு முதலில் ஓசையாகவே வருகின்றது; பொருள் பின்னே வந்து அதனுட் குடியேறுகின்றது. தாலாட்டின் பொருள் விளங்கிய பின் உறங்கிய பிள்ளை எங்கே? ஐந்து வயதில் ஓசையைப் பிடித்த வெண்பா எட்டு வயதில் ஒரு நாள் பொருள் திறக்கும். அந்நாளிற் பிள்ளையின் முகத்தைக் கண்ட தாய் தந்தையர்க்கு எமது வாதம் வேண்டியதில்லை. பதினொரு வயதிலோ நாணம் வந்துவிடுகின்றது. உரத்துப் பாடச் சொன்னால் ஆண்பிள்ளைகள் மேசையின் கீழ் எதையோ தேடுகின்றனர். செவி திறந்திருக்கும் வயது பாடசாலைத் தமிழாசிரியர் கைக்கு வருமுன்னரே கழிந்துவிடுகின்றது.

மற்றொரு தடை நேரமின்மை. தரம் ஐந்து புலமைப்பரிசிற் பரீட்சை எம் வீடுகளை ஆளுகின்றது. ஏழு வயதிலேயே மாதிரி வினாத்தாள், ரியூசன், மீண்டும் வினாத்தாள். இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டுவிட்டே புத்தகத்தைத் திறக்கும் பெற்றோருக்கு என்ன சொல்வது? ஒன்று சொல்லலாம். விஞ்ஞானம் தமிழிற் கற்கும் மாணவன் 'ஆர்முடுகல்' என்ற சொல்லைக் கண்டு மருள்கின்றான். முடுகுதல் விரைதல் என்பது சிறு வயதிற் செவியில் விழுந்திருந்தால் அச்சொல்லின் பாதி அப்பொழுதே திறந்துவிடும், அமர்முடுகலும் பின்தொடரும். இழையம், அமுக்கம், உந்தம் எல்லாம் அத்தகையன. எமது கலைச்சொல்லை ஆக்கிய அறிஞர் பழந்தமிழ் வேரிலிருந்து கிளை வளர்த்தனர். வேரை அறியாத பிள்ளை கிளையை வெறும் மந்திரமாக ஓதுகின்றது. கிளிப்பிள்ளைக் கல்வி என்பது உண்மையில் இதுதான். ஆயினும் பயன் ஒன்றையே காட்டி இதனை விற்க நாம் விரும்பவில்லை. பரீட்சைக்கு என்று சொல்லித் தொடங்கினால் பரீட்சையோடு முடிந்துவிடும். பாவோதற் போட்டிக்காக இரு வாரத்தில் மனனஞ் செய்த செய்யுள் பரிசளிப்புக்குள் மறந்துபோவதை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

இதனை இன்று இம்மலரில் எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு எமது தீவகத்து வீடுகள் வெறிச்சோடின. திரும்பியவர் சிலர், திரும்பாதவர் பலர். கூரையிழந்த திண்ணைகள் சுருவிலிலும் உள, அயலூர்களிலும் உள. முன்பு பேரப்பிள்ளை ஆச்சியின் அருகே கிடந்தது. இன்று ஆச்சி சுருவிலிலும் பேரப்பிள்ளை ரொறன்ரோவிலும் பாரிசிலும். புராணத்திற்குப் பயன் சொன்ன தலைமுறையின் கடைசி முதியோர் இப்பொழுது எண்பது வயதைத் தாண்டி நிற்கின்றனர். பாடசாலைக் கட்டடத்தைப் பத்து ஆண்டுக்குப் பின்னும் கட்டலாம். அதற்குப் பழைய மாணவர் மனமுவந்து பணம் அனுப்பியுள்ளனர், நன்றி. அந்த முதியோரின் நாவில் இருப்பதைப் பத்து ஆண்டுக்குப் பின் எந்தப் பணம் கொண்டும் வாங்க முடியாது.

அண்மையிற் கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் தம் ஏழு வயது மகள் இலத்தீன் கற்கின்றாள் என்று பெருமையோடு சொன்னார். பெருமை கொள்ளத்தக்கதே. தமிழ் எவ்வாறு என்று கேட்டோம். வார இறுதித் தமிழ் வகுப்பில் எழுத்துக் கற்கின்றாள்; செய்யுளெல்லாம் அவளுக்குக் கடினம் என்றார். தான் பேசாத ஒரு மொழியின் நாலு வினைவிகற்பங்களை ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஔவையின் ஓரடி எங்ஙனம் கடினமாகும்? கடினம் பிள்ளைக்கன்று, தந்தைக்கு. அவர் தாம் கற்றதை மறந்துவிட்டார். மறந்ததைப் பிள்ளை முன் ஒப்புக்கொள்ள நாணுகின்றார். மொந்தேனின் வீட்டில் தாயும் வேலைக்காரரும் பிள்ளைக்காகவே இலத்தீன் கற்றனர் என்று மேலே சொன்னோம். எமது தந்தையர்க்கு அத்துணைப் பாடும் இல்லை. முன்பு இருந்ததைத் தூசி தட்டினாற் போதும்.

தொடங்கும் வகையைக் கேட்பாருக்குச் சுருக்கமாகச் சொல்வோம். நாலு ஐந்து வயதில் ஆத்திசூடி. நாளுக்கு ஓரடி, எழுத்துக் காட்டாமல், வாயாலே மட்டும். 109 அடியும் நாலு மாதத்துள் முடியும். முடிந்தபின் மீண்டும் தொடங்குக. ஆறு வயதிற் கொன்றைவேந்தன். ஏழில் மூதுரை, அது 30 வெண்பா, வாரத்துக்கு ஒன்று போதும். நல்வழியின் 40 வெண்பாவும் அவ்வாறே. சைவரல்லாத வீட்டாரும் கடவுள் வாழ்த்தை விடுத்துத் தொடங்கலாம். உள்ளே உள்ள நீதி எல்லார்க்கும் பொது. வெண்பாவைச் சீர்பிரித்துப் படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் முழுவதையும் ஓசையோடு பாடுக. பின்பு சொற்பிரித்துச் சொல்லுக. அதன்பின் வீட்டுத் தமிழில், 'உது, உங்கை' என்ற எம் தமிழிலேயே, பொருளைக் கதையாகச் சொல்லுக. ஒரு வாரம் சென்றபின் பிள்ளையைக் கதை சொல்லவிட்டு நீங்கள் செய்யுளைத் தேடுங்கள். நீங்கள் ஓரடியை மறந்து தடுமாறும்போது பிள்ளை எடுத்துக்கொடுக்கும். அது அதற்குப் பெருங்களிப்பு. எட்டு வயதில் நிகண்டில் மரப்பெயரும் விலங்கின்பெயரும் சில செய்யுள். எழுத்துப் பரீட்சை வேண்டாம், பரிசும் வேண்டாம், உறவினர் வரும்போது முன்னே நிறுத்தி ஒப்பிக்கச் செய்யவும் வேண்டாம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

கடல்கடந்து வாழ்வோர்க்கு ஒரு சொல். 'ழ'கரமும் 'ள'கரமும் அச்செழுத்தில் வாரா. அவற்றை நாவிலிருந்தே வாங்கவேண்டும். கைத்தொலைபேசி அதற்கு உதவும். சுருவிலில் மாலை விளக்கேற்றி ஆறரை மணியாகும்போது ரொறன்ரோவிற் கோடைகாலத்துக் காலை ஒன்பது மணி, லண்டனிற் பிற்பகல் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவ்வேளை அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் ஓய்வாகவே இருப்பர். சுகம் விசாரித்த பின், சாப்பிட்டாயா என்று கேட்ட பின், என்ன பேசுவதென்று தெரியாமல் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் மூதுரையில் ஒரு வெண்பாவுக்கு இடம் உண்டு.